எந்த ‘யோ’?

எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள்: வேதபாடத்தை அறிவிப்பது எப்படி? கோயில் சுவரில் இப்போது பெரிய திரை இருக்கிறது. பாடம் வாசிப்பவர் வந்து நின்று “ஜான் த்ரீ சிக்ஸ்டீன்” என்கிறார். அதிகாரம் எது, வசனம் எது என்று பிரித்துச் சொல்வதில்லை. சொல்ல அவசியமும் இல்லை. எல்லோரும் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். “அந்தக் காலத்துல நீங்க ரொம்ப சுத்தமா சொல்லுவீங்களாமே, அந்த முறைய எழுதிக் குடுங்க” என்றார்கள்.

திரையை நான் குறை சொல்ல மாட்டேன். என் கண்ணுக்கு அதுதான் வசதி. எழுத்து பெரிதாக இருக்கிறது. வாசிப்பவர் தடுமாறினாலும் திரை தடுமாறுவதில்லை. நான் சுத்தமாகச் சொல்வேன் என்று பெயர் வாங்கியதும் உண்மைதான். அந்தப் பெயரின் லட்சணம் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அந்த இருவரும் இன்று இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. கமிட்டியார் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், கடைசி வரியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓராண்டுப் பயிற்சி முடித்து உபதேசியார் வேலைக்கு வந்தேன். ஆரம்பாக்கத்துக்கு மேற்கே ஐந்து சிற்றூர்கள் என் பொறுப்பு. ஒரு சைக்கிள், ஒரு குடை, ஒரு தோல் பை. போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். ஞானஸ்நானம், திருவிருந்து, கல்யாணம் இவை ஐயர் வேலை. மற்றதெல்லாம் உபதேசியார் தலையில் விழும். ஆராதனை நடத்த வேண்டும், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்க வேண்டும், வியாதிக்காரர் வீட்டில் ஜெபிக்க வேண்டும், ஊருக்கு வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லி பதில் எழுதித் தர வேண்டும். சபையார் எல்லோரும் நெல் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எழுபது எண்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தால் வேதப்புத்தகம் மூன்று பேர் கையில்தான் இருக்கும்.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஐயர் மாறி புதியவர் வந்தார். ஊழியத்துக்கு வருவதற்கு முன்பு ரயில்வேயில் தந்தி குமாஸ்தாவாக இருந்தவர். ஒல்லியான ஆள், குரலும் ஒல்லி. சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவர் முன்னால் நான் முதல் தடவை பாடம் அறிவித்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. “ரெண்டு சாமுவேல், ஏழாம் அதிகாரம்” என்று கணீரென்று சொன்னேன். அந்தச் சபையில் சாமுவேல் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள், பெரிய சாமுவேல், சின்ன சாமுவேல். இரண்டு பேரும் ஏதோ தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று பாயை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். சபையே சிரித்தது. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே உட்காரவைத்தார்.

“உபதேசியாரே, எழுந்து நின்னவங்க மேல தப்பு இல்ல. நீங்க சொன்னது அப்படி. சாமுவேலின் இரண்டாம் புத்தகம்னு சொல்லணும். தந்தியில ஒரு நம்பர் மாறிப்போச்சுன்னா சாவு ஒரு ஊட்லயும் அழுகை வேற ஊட்லயும் இருக்கும். நான் பார்த்திருக்கேன்.”

அன்று ஆரம்பித்து ஒரு வருஷம் என்னை வறுத்தெடுத்தார். அவர் முறையை அப்படியே எழுதுகிறேன், கமிட்டி கேட்டது இதைத்தான். மனப்பாடமாகத் தெரிந்த பாடமாக இருந்தாலும் முதலில் புத்தகத்தைத் திறந்து, விரலை வசனத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். புத்தகத்தின் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். நிருபமாக, அதாவது கடிதமாக, இருந்தால் யாருக்கு எழுதினது, எத்தனையாவது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு அதிகாரம். அங்கே நிறுத்தி, ஏடு புரளும் சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வசனம். “ஒன்று முதல் ஒன்பது முடிய” என்று முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சங்கீதத்துக்கு அதிகாரம் என்ற சொல் கிடையாது, இருபத்துமூன்றாம் சங்கீதம், அவ்வளவுதான். ஒரே அதிகாரம் உள்ள சின்னப் புத்தகங்களுக்கும் அதிகாரம் சொல்லக்கூடாது. நான் ஒருமுறை “யூதா, முதலாம் அதிகாரம்” என்றபோது பின்னாலிருந்து அவர் இருமினார். ஐயரின் இருமலுக்கு என்ன அர்த்தம் என்பது சபைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

எல்லாம் சொன்ன பிறகு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். தந்தி வாங்குகிறவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பழக்கம் அவருக்கு.

“ஐயரே, புஸ்தகம் வெச்சிருக்கிறது மூணு பேரு. மூணு ஏடு பொரள இம்மா நேரம் நிக்கணுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் அந்த நேரம். அவங்களுக்குக் காதுதானே புத்தகம். ஒருவாட்டி சொன்னா காதுக்குள்ள போவும். ரெண்டாவது வாட்டி சொன்னாத்தான் உள்ள உக்காரும்.”

அவர் ஒரு விஷயத்தை அறவே வெறுத்தார். புத்தகப் பெயர்களைச் சுருக்கி எழுதுவது. என் பிரசங்கக் குறிப்பில் ‘மத்.’, ‘லூக்.’, ‘யோ.’ என்றெல்லாம் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “பேரை அறுக்காதீங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, ஞாயிறு வகுப்பில் அறுத்துக்கொண்டுதான் இருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கரும்பலகை, அதுவும் ஓரம் உடைந்தது. வசனப் போட்டி வைத்தால் இருபது வசன இடங்களை அதில் எழுதிப் போட வேண்டும். எபிரெயருக்கு எழுதின நிருபம் என்று முழுசாக எழுதினால் பலகை அதோடு தீர்ந்தது.

அந்த வகுப்பில் ஜெயசீலி என்று ஒரு பெண். அப்போது பதினோரு வயது இருக்கும். பாக்கியம்மா என்ற விதவையின் ஒரே மகள். பாக்கியம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய், தான் ஓர் எழுத்தும் அறியாமல், மகளை எட்டாவது வரை படிக்கவைத்தவர். ஜெயசீலி வாயாடி இல்லை. ஆனால் ஒன்று புரியாவிட்டால் புரிகிறவரை விடமாட்டாள். ஒருநாள் பலகையில் ‘யோ.’ என்று எழுதியிருந்தேன். மற்ற பிள்ளைகள் வகுப்புக்கென்று வைத்திருந்த இரண்டு மூன்று பழைய புத்தகங்களைக் கூடிப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

“ஐயா, எந்த யோ?”

“இன்னாம்மா, எந்த யோ?”

“யோசுவாக்கும் யோ. யோபுக்கும் யோ. யோவேலு, யோனா, யோவான் எல்லாத்துக்கும் யோ. இதுல எது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை கேட்டது நியாயம்தான். அங்கேயே ஒரு சட்டம் போட்டேன். “இனிமே யோன்னு மட்டும் இருந்தா யோபு. பேரே ரெண்டெழுத்து, அதுல பாதி. யோவானுக்கு ‘யோவா’ன்னு வா சேர்த்துப் போடுவேன். யோசுவாக்கு யோசு. மத்த ரெண்டும் முழுப் பேரு. சரியா?” எல்லோரும் சிலேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஜெயசீலி மட்டும், முந்தின வருஷப் போட்டியில் பரிசாக வாங்கிய தன் வேதப்புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த இரண்டு வருஷம் பலகையில் நான் அந்தச் சட்டப்படியே எழுதினேன். பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வயலுக்குப் போனார்கள், வகுப்பில் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், போட்டி நின்றுபோனது. சட்டம் எனக்கு மறந்தே போயிற்று. என் சொந்தக் குறிப்புகளில் ‘யோ.’ என்றால் எப்போதும் யோவான்தான். யோவானில் நூறு பிரசங்கம் செய்தால் யோபுவில் ஒன்று செய்வோம்.

இதற்குள் எனக்குப் பெயர் பரவிவிட்டது. உபதேசியார் புத்தகம் திறக்காமலே எந்த வசனத்தையும் சொல்வார் என்பார்கள். வழியில் நிறுத்தி, ஒரு இடத்தைச் சொல்லி, நான் வசனத்தை ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்வார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஐயர் காதுக்கு எட்டியபோது அவர் இருமினார்.

ஜெயசீலிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். லாரி செட்டில் வேலை. அவர்களும் நம்ம சபைதான் என்று சொன்னார்கள். பெயரளவுக்குத்தான் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் வேதப்புத்தகமே கிடையாது. பெண் தன் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். மாதம் ஒரு கார்டு வரும். பாக்கியம்மா எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார், நான் படிப்பேன். எங்கள் சபையார் கடிதம் எழுதினால் தலைப்பில் ஒரு வசனத்தின் இடத்தைக் குறிப்பது வழக்கம். எண்ணை மட்டும் போடுவார்கள், வசனத்தை எழுத மாட்டார்கள். கார்டில் இடம் ஏது? ஜெயசீலியும் அப்படித்தான் எழுதிவந்தாள், சங்கீதம் இன்னது, ஏசாயா இன்னது என்று.

ஒரு வருஷத்தில் அவள் உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஏழாம் மாதம் பாக்கியம்மா போனார். மாமியார் அனுப்ப மறுத்துவிட்டார், வீட்டில் வேலைக்கு ஆளில்லையாம். திரும்பிவந்த பாக்கியம்மாவின் முகம் சரியில்லை. “புள்ள இளைச்சிப் பூட்டா உபதேசியாரே. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா. மாமியாக்காரி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா” என்றார்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பாக்கியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தடவை யார் தடுத்தாலும் கையைப் பிடித்து அழைத்துவந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். காலை வண்டியில் பட்டணம் போய், அங்கிருந்து திருவள்ளூர் வண்டி மாற வேண்டும். அப்படிக் கிளம்பிய காலையில்தான் தபால்காரர் வழியில் கார்டைக் கொடுத்திருக்கிறார். நான் பக்கத்து ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் அருகே கையில் பையோடு என்னை நிறுத்தினார்.

“வண்டி வர்றதுக்குள்ள இத்தப் படிச்சிச் சொல்லுங்க.”

சைக்கிளிலிருந்து இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு படித்தேன். எல்லோரும் சுகம். என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறோம். நீ அலைய வேண்டாம், வர வேண்டாம். இதுதான் செய்தி. கையெழுத்து ஜெயசீலியுடையது, பேச்சு அவளுடையது இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது போலிருந்தது. தலைப்பில் வசனம் இல்லை. கையெழுத்துக்குக் கீழே, கார்டின் ஓரத்தில், சின்னதாக ஒரு வரி இருந்தது: யோ. 14:1.

பாக்கியம்மா கார்டையே பார்த்தார். “வராதன்னுதான் எழுதிக்கீறா. ஆனா எனுக்கு மனசு கேக்கல. கீழ இன்னாமோ போட்டுக்கீதே, அது இன்னா?”

பை என் தோளில்தான் இருந்தது. புத்தகம் பையில் இருந்தது. நான் திறக்கவில்லை.

“யோவான், பதினாலாம் அதிகாரம், முதலாம் வசனம்” என்றேன். ஒரே தடவைதான் சொன்னேன். எங்கள் சபையில் அடக்க ஆராதனை தோறும் வாசிக்கிற இடம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மனம் கலங்க வேண்டாம், கடவுளை நம்புங்கள் என்று சொல்கிற வசனம். அதை ஒப்பித்துவிட்டு, “பாத்தியாம்மா, மத்ததெல்லாம் மாமியார் சொல்லி எழுதினதா இருந்தாலும் இது அவளே போட்டது. கலங்காத, நான் நல்லாக்கீறேன்னு சொல்றா” என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

பாக்கியம்மா முகம் தெளிந்தது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“அவளே சொல்றான்னா செரிதான். நான் போயி சண்ட போட்டுக்கினு, அதுனால அவுளுக்கு ஒரு பேஜாரு வேணாம். கொழந்த பொறக்கட்டும், போய்க்கலாம்.”

வண்டி வந்தது, கேட் மூடித் திறந்தது. பாக்கியம்மா வயலுக்குத் திரும்பி நடந்தார். நான் நிச்சயதார்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாம் வாரம் ஜெயசீலியின் ஊரிலிருந்து ஆள் வந்தான். வலி கண்டு இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வலி வந்த அன்று காலைகூட அவள்தான் தண்ணீர் இறைத்தாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் பாக்கியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாக்கியம்மா தகரப் பெட்டியோடு திரும்பிவந்தார்.

வந்து துக்கம் கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “கலங்காதம்மான்னு சொல்ட்டுதான் பூட்டா எம்பொண்ணு. அவுளுக்குத் தெரிஞ்சிருக்குது.” அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார்.

முப்பதாம் நாள், ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டில் ஜெபக் கூட்டம் வைத்தோம். ஐயரும் வந்திருந்தார். பாக்கியம்மா பெட்டியிலிருந்து ஜெயசீலியின் வேதப்புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். “அந்த வசனத்த இதுலயே படிங்க. புடிச்ச வசனத்துக்குக் கீழ எல்லாம் பென்சில்ல கோடு போட்டுவெப்பா. அதுக்கும் போட்டுருப்பா பாருங்க.”

கூட்டம் சேர்வதற்குள் இடத்தை எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக உட்கார்ந்து திறந்தேன். யோவான் பதினான்காம் அதிகாரம் சுத்தமாக இருந்தது. கோடு இல்லை. வேறு பக்கங்களில் எத்தனையோ கோடுகள் இருந்தன, அங்கே மட்டும் இல்லை. புரட்டிக்கொண்டே கடைசி வெற்றுப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். பதினோரு வயதுக் கையெழுத்தில், வரிசையாக எழுதியிருந்தது. யோ. என்றால் யோபு. யோவா. என்றால் யோவான். யோசு. என்றால் யோசுவா. அடியில், ‘உபதேசியார் ஐயா சொன்னது.’

யோபுவுக்குப் போக எனக்குக் கை வரவில்லை. போனேன். பதினான்காம் அதிகாரம், முதலாம் வசனம். கோடு இருந்தது. அழுத்திப் போட்ட கோடு. பக்கத்து வெற்றிடத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தாள். பெண் வயிற்றில் பிறந்தவருக்கு நாட்கள் கொஞ்சம், துயரமோ நிறைய என்று புலம்புகிற இடம் அது.

அவள் கார்டை அம்மாவுக்கு மட்டும் எழுதவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, யார் படித்துச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியாமல், எனக்கு மட்டும் புரியும்படி எழுதியிருக்கிறாள். நான் போட்ட சட்டத்தை நம்பி எழுதியிருக்கிறாள்.

“ஆரம்பிக்கலாமா உபதேசியாரே?” என்றார் பாக்கியம்மா.

எழுந்து நின்றேன். என் விரல் யோபுவின் மேலேயே இருந்தது. “யோவான், பதினான்காம் அதிகாரம், முதலாம் வசனம்” என்றேன். காத்திருந்தேன். மறுபடி ஒருமுறை சொன்னேன். யோபுவின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே யோவானை ஒப்பித்தேன். முறையில் ஒரு குறையும் இல்லை. பாக்கியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கூட்டம் முடிந்து ஐயரை ஸ்டேஷன்வரை கொண்டுவிட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

“நீங்க திறந்து வெச்சிருந்தது யோவான் இல்லையே?”

சைக்கிளைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன்.

“யோவான்னா வலது கை பக்கம் ஏடு கொஞ்சமா இருக்கும். உங்க கையில பாதிக்கு மேல இருந்துச்சு.”

ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் சொல்லட்டுங்களா ஐயரே அந்தம்மாகிட்ட? இப்ப அவுங்க உசிரோட இருக்கிறதே அந்த வசனத்தாலதான்” என்றேன்.

“தந்தி தப்பாப் போயிடுச்சுன்னா திருத்தம் அனுப்பணும். அதைத் தப்பா அடிச்சவன்தான் அனுப்பணும். வேற யாரும் அனுப்ப முடியாது” என்றார். “எப்போன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அனுப்பணும்.”

அடுத்த வருஷம் அவரைத் திருவள்ளூருக்கு மாற்றிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர் கூட்டத்தில் பார்ப்போம். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அனுப்பியாச்சா?” என்பார். இல்லை என்று தலையசைப்பேன். அவ்வளவுதான், வேறு பேச மாட்டார். ஐந்து வருஷம் அப்படிக் கேட்டார். ஆறாவது வருஷக் கூட்டத்துக்கு அவர் இல்லை. அவர் அடக்கத்தில் பாடம் வாசித்தது நான்தான். யோவான், பதினான்காம் அதிகாரம். என் குரல் நடுங்கியது துக்கத்தால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. வயலுக்குப் போனவர்கள் கம்பெனி கேட்டுக்குப் போனார்கள். பாக்கியம்மாவுக்கும் ஒரு கம்பெனியில் பெருக்கிக் கழுவுகிற வேலை கிடைத்தது. தினமும் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பார். அங்கே ஒரு சூப்பர்வைசர், “இன்னாம்மா, தெனமும் விரல கறுப்பாக்கிக்கினு” என்று கேலி பேசியிருக்கிறான். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலத்தில் முதியோர் வகுப்பு ஒன்று நடந்தது, அதில் போய்ச் சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒரு வருஷத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். சபையில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். பாராட்டிக்கொண்டே உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு பாக்கியம்மா போகாமல் பாயில் உட்கார்ந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கார்டை எடுத்தார். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, பசை தடவி ஒட்டிய கார்டு.

“இத்த நானே படிச்சேன். மூணு நாளாச்சி படிக்க” என்றார். விரலை ஓரத்தில் வைத்தார். “யோ. புள்ளி. பதினாலு. ஒண்ணு. நீங்க யோவான்னு படிச்சீங்க. ‘வா’ எங்க உபதேசியாரே? ‘ன்’ எங்க? ‘யோ’ன்னு மட்டுந்தானே கீது. இது எந்த யோ?”

மகள் கேட்ட அதே கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயசீலியின் புத்தகம் கோயில் அலமாரியில்தான் இருந்தது. படிக்கத் தெரியாத எனக்கு எதற்கு, கோயிலிலேயே இருக்கட்டும் என்று பாக்கியம்மா முப்பதாம் நாளே கொடுத்துவிட்டிருந்தார். நான் அதை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. அன்று எடுத்துவந்தேன். முதலில் திறந்தேன். விரலை வைத்தேன்.

“யோபு” என்றேன். “பதினான்காம் அதிகாரம்.” நிறுத்தினேன். புரள வேறு ஏடு எதுவும் இல்லை. “முதலாம் வசனம்.”

வாசித்தேன். பாக்கியம்மா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்ததை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டாமலே படித்தார். “அம்மா.”

“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றார்.

“முப்பதாம் நாளு.”

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. “அம்மா வருவா, வருவான்னு வாசலையே பாத்துக்கினு இருந்திருப்பாளே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். இருபது வருஷமாக நீங்க, வாங்க என்று பேசியவர்.

“நீ ரெண்டு வாட்டி சொல்லுவியே. இன்னொரு வாட்டி சொல்லு.”

ஏடு புரளும் சத்தம் அடங்கட்டும் என்று ஐயர் காத்திருப்பாரே, அதே மாதிரி பாக்கியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்லவில்லை. கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார், அதே இடத்தில் உட்கார்ந்தார், திரும்ப அதைக் கேட்கவே இல்லை. அவரை அடக்கம் செய்த அன்று, பாடம் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

கமிட்டியார் கேட்ட முறை மேலே இருக்கிறது. பெயரை முழுசாகச் சொல்லுங்கள், முதலில் புத்தகத்தைத் திறங்கள், காத்திருங்கள், இரண்டு தடவை சொல்லுங்கள். திரை இருந்தாலும் சொல்லுங்கள். எனக்கு ஒரு தடவை பாக்கி இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

யோபு. பதினான்காம் அதிகாரம். முதலாம் வசனம்.